மச்சினன் கயிறு

கயிறு என் கையில் இருக்கிறது, கயிற்றின் அந்த முனையில் என் அக்கா புருஷன் இருக்கிறார், நடுவில் கடல் இருக்கிறது. இதையே டிவியில் செய்தி வாசிக்கிறவர் குரலில், "கொக்குத்தீவுப் பகுதியில் இன்றைய நிலவரம்" என்று கனைத்துக்கொண்டு சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், வள்ளத்தில் என்னைத் தவிர வேறு ஆளும் இல்லை, ஆனால் என் வாயை இப்போது மாதாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எங்கள் புன்னைத்துறையில் கடலுக்குள் முங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் மூச்சை அளப்பது அருள்நிறைந்த ஜெபத்தால்தான், நிதானமாக ஒன்று, இன்னொன்று, மூன்றாவது முடிவதற்குள் ஆள் மேலே வந்திருக்க வேண்டும், நடுவில் கயிறு இரண்டு தடவை வெட்டி இழுபட்டால் ஜெபத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு ஆளை இழுக்க வேண்டும். முதலாவதைப் பங்குச்சாமியார் மாதிரி மூக்கால் சொன்னேன். இரண்டாவதைக் கோயில் மணி அடிக்கிற தொபியாஸ் தாத்தா மாதிரி, வெற்றிலைச் சாறு வழிந்துவிடாமல் முகத்தை அண்ணாந்துகொண்டு. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், எத்தனை வருஷமாக ஒரே மாதிரியே கேட்கிறாள், அவளுக்கும் அலுக்காதா. பாயைச் சுருட்டிக் கட்டியாயிற்று, நங்கூரம் போட்டாயிற்று, வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் திருப்பூர்க்காரரும் அவர் சம்சாரமும் ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு தண்ணீரில் குப்புறக் கிடக்கிறார்கள், மூச்சுக்குழாய் இரண்டும் மேலே நீட்டிக்கொண்டு. நேற்றிலிருந்து கரையோரமாகப் பாய் விரித்து இவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம், கிளிமீன் காட்டினோம், கடல்குதிரை காட்டினோம், மச்சான் பாரைத் தொடாமல் நீந்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார், பார் என்றால் எங்கள் வாயில் கடலடிப் பாறை, பவளம் முளைத்தது, மிதித்தால் செத்துவிடும், "குழந்தை தலை மாதிரி நெனச்சிக்கிடுங்கம்மா" என்று மச்சான் சொன்னபோது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அவர் கீழே இருப்பதும் அந்த அம்மாவால்தான். பாரின் விளிம்பில் யாரோ விட்டுப்போன வலை ஒன்று நீலப் புகை மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் ஒரு பேராமை. அந்தக் கோகிலாம்மாதான் முதலில் பார்த்தது. தலையைத் தூக்கிக் குழாயை வாயிலிருந்து பிடுங்கி, "ஏனுங், அது உசுரோட இருக்குதுங், நம்மளையே பாக்குதுங்" என்று அழுதது. அதற்கும் மூச்சு வேண்டும், ஆமைக்கு. மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டினார், கத்தியைப் பல்லில் கடித்தார், என் பக்கம் கயிற்றைப் போட்டு, "மாப்ள, முழிச்சிக்க" என்றார், போய்விட்டார். நல்லவர். எல்லாருக்கும் நல்லவர். மூன்றாவது ஜெபம் நடுவில் வந்துவிட்டார், தண்ணீரைப் பிளந்துகொண்டு, வாயைத் திறந்து ஒரு சத்தம், கிழிந்த துணி மாதிரி, பிறகு சிரிப்பு. "ஒரு துடுப்ப விடுவிச்சாச்சும்மா. பயந்து கெடக்கு. ஒண்ணும் இல்ல தாயின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." திருப்பூர்க்காரர், நாச்சிமுத்து சார், தண்ணீருக்குள்ளேயே கும்பிட்டார்.

ஒண்ணும் இல்ல தாயி. அந்தக் குரலை நான் பிடித்துவிட்டேன், அக்கா கல்யாணம் ஆன வாரமே பிடித்துவிட்டேன், செலஸ்டின் மச்சான் குரல் சுலபம், கீழே ஆரம்பித்து மேலே போய்ச் சிரிப்பில் முடியும், வார்த்தை முடிவதற்கு முன்பே சிரிப்பு தொட்டுக்கொள்ளும், மீன் ஏலத்தில் நின்று அந்தக் குரலில் நான் விலை ஏற்றி ஏஜெண்டு திரும்பித் திரும்பிப் பார்த்து மச்சானைத் தேடியதில் மொத்தக் கரையும் சிரித்து உருண்டது. என் பெயர் இஞ்ஞாசி, கூப்பிடுவது இஞ்சி, "ஏ இஞ்சி, சாமியார் மாதிரி பேசுலே, ஏ இஞ்சி, அந்த மீன்துறை ஆபீஸரு மாதிரி பேசுலே", நான் போகிற இடத்தில் எல்லாம் நாலு பேர் முன்கூட்டியே சிரித்துக்கொண்டு காத்திருப்பார்கள். எல்லாருடைய தொண்டையும் எனக்குச் சொந்தம். மோட்டார் படகு சளியோடு புறப்படுவது எனக்கு வரும். பெண்ணைப் பெற்றவன் சீர் பேசும்போது குழைவது எனக்கு வரும். இந்தக் கயிறும் அப்படித்தான் எனக்கு வந்தது, கல்யாணத்தோடு. புன்னைத்துறையில் கூடப் பிறந்தவன் கயிறு பிடிக்கக் கூடாது, அப்பன் பிடிக்கக் கூடாது, கூட்டாளி பிடிக்கக் கூடாது, பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்கு வீட்டுப் பாகத்தில் கண் இருக்கலாம், கூட்டாளிக்கு முங்கி எடுக்கிற சங்கின் மேல் கண் இருக்கலாம், மச்சினனுக்கு அதெல்லாம் இல்லை, அவன் கையை விட்டால் அவன் அக்காதான் வெள்ளைச் சேலை கட்டுவாள், அதனால் தூங்க மாட்டான், நழுவ விட மாட்டான், அவ்வளவுதான் கணக்கு. கொச்சிப் பக்கம் விசைப்படகில் போய்விட்ட எங்கள் அப்பா போனில், "லே, அக்கா தாலி உன் உள்ளங்கையில கெடக்கு, கோமாளித்தனம் பண்ணாத" என்றார், அதை நான் அப்பா குரலிலேயே திருப்பிச் சொன்னேன், அவரே சிரித்துவிட்டார். சரி. இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. மச்சினன் கயிறு பிடிக்க மாட்டேன் என்றால், வாயால் சொல்ல வேண்டியதில்லை, கரைச் சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் மணலில் கயிற்றை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டால் போதும், அதற்கப்புறம் கரையில் ஒருத்தனும் அந்த ஆளுக்குக் கயிறு பிடிக்க மாட்டான், கயிற்றை எதற்கு வைத்தாய் என்று ஊர் கேட்கும், அந்த ஆளும் பதில் சொல்ல வேண்டும், என்னவென்று தெரிகிற வரைக்கும் அவன் பெண்டாட்டி அவன் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் ஊர் பெர்னத் மாமா தன் மச்சானுக்கு அப்படிக் கயிற்றை வைத்திருக்கிறார். வைத்துவிட்டு அவர் நின்ற நிற்பை ஊர் இன்னும் சொல்லும். சொன்னதைக் கேட்டுக் கேட்டு அதையும் நான் பிடித்தேன், போன திருவிழாவில் மேடையில் ஒரு கயிற்றைப் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீழ் உதட்டைத் துருத்திக்கொண்டு பெர்னத் மாமாவாக நின்றேன், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, மாமாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அதைப் பற்றி இப்போது எதற்கு. மச்சான் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை நிரப்புகிறார், விரல் வெளுத்திருக்கிறது, அந்த விரலில் எங்கள் வீட்டு மோதிரம், "மாப்ள, சங்கு போடுற கோட்டுமால் பைக்குள்ள கெடக்க மாதிரி வலை சுத்திக் கெடக்கு, கயித்த கொஞ்சம் தளத்தியே வையி, நான் வெட்டினா மட்டும் இழு." வெட்டினா இழுக்கிறேன் மச்சான். போனார். அருள்நிறைந்த மரியே. யார் குரலில்? யார் குரலும் வரவில்லை.

போன வாரம். போன வாரம் என்று ஆரம்பித்தால் கயிறு கையிலிருந்து போய்விடும், வேண்டாம், கயிற்றைப் பார், பச்சை நைலான், ஈரம், மெதுவாகக் கீழே இறங்குகிறது, என் பெருவிரலை உரசிக்கொண்டு போகிறது, போன வாரம் நான் அக்கா வீட்டுக்குப் பின்வழியாகப் போனேன். சும்மாதான். அவள் அடுப்படியில் குத்துக்காலிட்டு விளமீன் உரசிக்கொண்டிருந்தாள், முதுகை எனக்குக் காட்டி. எமல்டா அக்காவை ஏமாற்றுவது மாதிரி சுகம் எதிலும் கிடையாது, சின்ன வயசில் அம்மா குரலில் கூப்பிட்டு அவளைத் தெருக்கோடி வரை ஓட வைத்திருக்கிறேன், திரும்பி வந்து என் காதைத் திருகுவாள், திருகிக்கொண்டே சிரிப்பாள். அதனால் வாசலில் நின்று, மச்சான் கடலிலிருந்து வந்து நுழைகிற மாதிரி காலை ஒரு தட்டுத் தட்டி, "எமல்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கோபமாகக்கூட இல்லை, அவர் எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான். அவள் இரண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்திருக்கவில்லை, கத்தி கையில் அப்படியே, தலையை முழங்காலுக்குள் இறக்கி, கை இரண்டும் மேலே, ஏதோ கூரை சரிகிற மாதிரி. முழங்கையில் ஒரு மீன் செதில் ஒட்டி மின்னியது. நான் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன், எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும், குரலை நம்பிவிட்டவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்புவான். அவள் திருப்பவில்லை. அவளுக்கு முகம் வேண்டியிருக்கவில்லை, அடுத்து வருவது எது என்று தெரியும். நான் என் குரலில் "யக்கா" என்றேன். கை மெல்ல இறங்கியது. "ஏல எருமை" என்றாள், "பல்லி விழுந்துட்டோன்னு பயந்தே போயிட்டேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிந்தி வந்தது. பல்லிக்கு யாரும் அப்படிக் குனிய மாட்டார்கள் அக்கா. காதுக்குப் பின்னால் கன்றிப்போயிருந்த இடத்தை மீன்கழுவின கையாலேயே முடியை இழுத்து மூடினாள். "அம்மாட்ட போய் ஒளறாத. ஒம் மச்சான் நல்லவ்வொதான். கடல்ல போயிட்டு வார ஆளு, தலை வலி, என்னமோ." அம்மாவிடம் உளறினேன். அம்மா அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன பதிலை அம்மா குரலிலேயே மனசுக்குள் வைத்திருக்கிறேன், "எல்லா வீட்லயும் உள்ளதுதான். செலஸ்டின் மாதிரி மாப்ள லாந்தர் வச்சித் தேடுனாலும் கிடைக்காதுன்னு ஊரே சொல்லுது. நீ இதையும் வெளையாட்டாக்கிக்கிட்டுத் திரியாத." ஊரே சொல்லுது. ஆமாம். ஒண்ணும் இல்ல தாயி என்று ஆமையிடம் சொல்கிற ஆள். ஆமைக்குச் சொல்கிற குரலும் திருப்பூர்க்காரருக்குச் சொல்கிற குரலும் ஒன்றுதான். அப்படியானால் அக்காவுக்குச் சொல்கிற குரல் வேறே ஒன்று இருக்க வேண்டும், அது எனக்குத் தெரியாது, எல்லாத் தொண்டையும் என்னிடம் இருக்கிறது, அது மட்டும் இல்லை, அது அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிற குரல். இரண்டாவது ஜெபம் முடிந்துவிட்டது, யார் சொன்னது, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வந்துவிட்டார். இந்தத் தடவை சிரிப்பு உடனே வரவில்லை, இருமினார், மூக்கைச் சிந்தினார். "கழுத்துல ஒரு சுத்து கெடக்கும்மா, அத அறுத்தா போயிரும்." கோகிலாம்மா, "போதுமுங் அண்ணா, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமுங், ஊட்டுல உங்க சம்சாரம் காத்துக்கிட்டு இருப்பாங்கள்ளங்" என்றது. காத்துக்கிட்டுத்தான் இருப்பாள். "பாதியில விட்டா பாவம்மா" என்றார் மச்சான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். போய்விட்டார்.

கயிறு இறங்குகிறது, நிற்கிறது, கொஞ்சம் ஆடுகிறது, இப்போது அவர் வலைக்குப் பக்கத்தில் இருப்பார், பாரின் உதட்டுக்குக் கீழே, இங்கிருந்து தெரியாத இடம், மேலே நின்று பார்த்தால் பச்சையும் அதற்குள் கறுப்பும்தான். ஒன்று. சொல்லு, அருள்நிறைந்த மரியே, கர்த்தர் உம்முடனே, அக்கா எட்டு மணிக்கெல்லாம் கரைக்கு வந்து மீன் பிரிக்க உட்கார்ந்திருப்பாள், சேலையை இழுத்துக் காதை மூடியிருப்பாள், பெண்டுகள் கேட்டால் காது குத்துகிறது என்பாள். பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள். நல்லாத்தான் ஆசீர்வதித்தார்கள், பந்தலில் எல்லாரும் வரிசையில் நின்று நெற்றியில் சிலுவை போட்டு. இரண்டு. மச்சினன் கணக்குப் போட்ட பெரியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள், அக்கா வெள்ளைச் சேலை கட்டக் கூடாது என்று மட்டும் நினைத்தார்கள், கலர்ச் சேலைக்குள் அவள் எப்படி இருக்கிறாள் என்று மச்சினன் பார்க்க மாட்டான் என்று நினைத்தார்கள். இந்த நினைப்பை நான் நினைக்கவில்லை. எவனோ என் குரலில் நினைக்கிறான். நல்லாப் பிடித்திருக்கிறான் என் குரலை, பாவிப்பயல். கயிறு வெட்டியது. ஒன்று, இரண்டு. தெளிவாக. இழு. இழு என்றால் கை இழுக்க வேண்டும், கை அங்கேயே இருக்கிறது, கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, விடவில்லை, நான் விடவில்லை, மாதாவே பார்த்துக்கொள், விட்டேன் என்று சொல்லக் கூடாது, பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவுதான். மறுபடியும் வெட்டியது, இந்தத் தடவை எண்ணிக்கை இல்லை, ஒரு மீன் தூண்டிலில் அடித்துக்கொள்கிற மாதிரி, என் தோள் வரைக்கும் வந்தது அந்த அடி. வலை பிடித்துவிட்டது அவரை. அவனை. தளர்த்தியே வை என்று அவன்தானே சொன்னான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள் எனக்குள், சாமியார் "மகனே" என்றார், அப்பா "லே கோமாளி" என்றார், தொபியாஸ் தாத்தா துப்பினார், அம்மா "எல்லா வீட்லயும் உள்ளதுதான்" என்றாள், செய்தி வாசிக்கிறவர் "கடலில் மூழ்கி ஒருவர்" என்று காகிதத்தைத் திருப்பினார், பெர்னத் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார், அக்கா, அக்கா குரலை மட்டும் தேடினேன், அக்கா என்ன சொல்வாள் என்று தெரிந்தால் அதன்படி செய்துவிடலாம், அவள் குரல் வரவில்லை, எத்தனையோ தடவை அவளைப் போல் பேசி அம்மாவையே ஏமாற்றியிருக்கிறேன், இப்போது தொண்டையில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, தலைக்கு மேல் கை இரண்டும்தான் தெரிகிறது, அதில் அந்தச் செதில். கீழே ஒருத்தன் இப்போது அதே மாதிரிதான் இருப்பான், கை இரண்டும் மேலே, முகத்துக்கு முன்னால், வருகிறது எது என்று தெரிந்து. ஐயோ. அதே மாதிரிதான். இழுத்தேன். எப்போது இழுக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, கால் இரண்டையும் வள்ளத்தின் பக்கப் பலகையில் ஊன்றி மல்லாந்து விழுந்து இழுத்தேன், உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது, கோகிலாம்மா எங்கோ கத்திக்கொண்டிருந்தது, கனம், கனம், பிறகு ஏதோ அறுந்த மாதிரி லேசானது, நான் அவனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்த அந்த இமைப்பொழுதில் எனக்குள் ஒருத்தரும் பேசவில்லை.

வந்தது முதலில் ஆமை. பாத்தி மாதிரி அகலமான முதுகு, கழுத்தில் நீல நூல் ஒன்று மாலை மாதிரி, மேலே வந்து புஸ் என்று ஒரு மூச்சு, கிழவர் தும்மின மாதிரி, அது எனக்கு வரும், இன்றைக்கு வராது. ஒரு கண்ணால் எங்களை எல்லாம் பார்த்துவிட்டுச் சாய்ந்து போய்விட்டது. அதற்குப் பின்னால் அவர். முகம் நாவல்பழ நிறம். மூக்கிலிருந்து ரத்தம் மீசைக்குள் இறங்கியது. காலில் வலை சுற்றிக் கெண்டைக்கால் வரை அறுத்திருந்தது. நாச்சிமுத்து சார் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம், வள்ளத்தின் அடியில் கிடந்து கொஞ்ச நேரம் வானத்தை விழுங்கினார். கோகிலாம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது. "சாமிங் நீங்க. ஒரு வாயில்லாச் சீவனுக்கு உசுரக் கொடுத்தீங்களேங்." சார் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார், தண்ணீருக்குள்ளேயும் பிடிக்கிற போன், ஆமை விடுபடுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார், அந்தப் படத்தில் கயிறும் தெரிகிறது, ஒரு ஓரமாக, வெட்டி வெட்டித் துள்ளியும் மேலே ஏறாமல். மச்சான் அதைப் பார்த்தார். இரண்டாம் தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பாயை அவிழ்க்க எனக்குக் கைகொடுத்தார், காற்று தென்கிழக்கிலிருந்து நன்றாக வந்தது, பாய் வயிறு ஊதியது, வள்ளம் சாய்ந்து ஓட ஆரம்பித்தது, தீவு சின்னதாகிப் போனது, இப்படி ஒரு காற்றுக்கு நான் கூவி ஊளையிட்டுப் பத்துப் பேர் மாதிரிப் பேசுவேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றுலாக்காரர்கள் முன்பக்கம், காற்றில் ஒன்றும் கேட்காது அவர்களுக்கு. "வெட்டுனேன்ல மாப்ள" என்றார். கேள்வி இல்லை. "ஆமா மச்சான்." "கை வழுக்கிட்டோ." உள்ளங்கையைக் காட்டினேன், தோல் போன இடம் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து உப்புத் தண்ணீர் பட்ட இடத்தை மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினார். கண்ணில் பூச்சி பறந்தது எனக்கு. "அவ சொல்லியிருக்கா" என்றார். "அக்கா ஒண்ணும் சொல்லல மச்சான்." "சரி. சொல்லல." கையை விட்டார். "வீட்ல பேசிக்கிடலாம். உங்க அக்காவும் இருப்பால்ல." குரல் மேலே போகவில்லை. சிரிப்பில் முடியவில்லை. தரை மட்டத்தில் ஆரம்பித்துத் தரை மட்டத்திலேயே நின்றது, சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி. இதுதானா அது. இவ்வளவு சின்னக் குரலா. எனக்குள் என்னைக் கேட்காமலே தொண்டை அதை எழுதிக்கொண்டது, சுருதி, இடைவெளி, "இருப்பால்ல" என்கிற இடத்தில் நாக்கு கொஞ்சம் தங்குவது, எல்லாம். கிடைத்துவிட்டது. எல்லாத் தொண்டையும் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் இழுக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவள் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறாள், நான் அவனைப் பயமுறுத்தியதெல்லாம் சேர்த்து அவள் காதுக்குப் பின்னால் போய் விழப்போகிறது, இழுக்காமலே இருந்திருந்தால் என்று நினைக்கிறேன், இழுத்தது நான்தான் என்றும் நினைக்கிறேன், இரண்டும் ஒரே நேரத்தில், வள்ளம் வேகமாகப் போகிறது, இவ்வளவு நல்ல காற்று எதற்கு இன்றைக்கு, புன்னைத்துறைக் கோயில் கோபுரம் அதற்குள் தெரிகிறது, ஒரு குச்சி மாதிரி, பிறகு ஒரு விரல் மாதிரி, கொஞ்சம் சுற்றிப் போகலாம், நங்கூரம் போடலாம், வேறே ஆமை இல்லையா இந்தக் கடலில்.

கரையில் கால் வைப்பதற்குள் நாச்சிமுத்து சார் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆட்கள் கூடிவிட்டார்கள், மீன் பிரிக்கிற பெண்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து போனை எட்டிப் பார்த்தார்கள், "அட செலஸ்டினே", "பாரேன், அது எப்படி ஒட்டிக்கிட்டு கெடக்குன்னு", "எமல்டா, ஏட்டி, ஒம் மாப்பிளய பாரு, ஆமைக்கி உசுரக் குடுத்துட்டு வந்துருக்காரு", மச்சான் பிந்தாத சிரிப்போடு மணலில் உட்கார்ந்து காலுக்கு மஞ்சள் வாங்கிப் போட்டுக்கொண்டார். அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள், வெயிலுக்கு ஒரு கையைப் புருவத்தின் மேல் வைத்து, முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் உடம்பில் எது எவ்வளவு வலிக்கும் என்று பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தேன், சுற்றி முடித்துவிட்டால் அடுத்தது ஒன்று செய்ய வேண்டும். தொண்டையில் அந்தச் சின்னக் குரல் உட்கார்ந்திருக்கிறது. அதில் அவள் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும், இங்கே, இத்தனை பேர் முன்னால், கை மேலே போகும், எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஒரே வார்த்தை, இஞ்சியின் ஆகப் பெரிய வித்தை. அதை விழுங்கினேன். அவளை இன்னொரு தடவை நான் குனிய வைக்க மாட்டேன். நடந்து போய்க் குருசடிக்கு முன்னால் மணலில் கயிற்றை வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். ஒரு நொடி. பிறகு கரையே சிரித்தது. "ஏ இஞ்சி ஆரம்பிச்சிட்டாம்லா!" "பெர்னத் மாமாவ எடுக்கான்!" "மூக்க உறியிலே!" "செலஸ்டினு, ஒம் மச்சினன் ஒன்னைய கைவிட்டுட்டான் பாரு!" பெர்னத் மாமாவே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தபடி பல்லைக் காட்டினார். நான் மூக்கை உறிஞ்சவில்லை, உதட்டைத் துருத்தவில்லை. நின்றேன். எந்தக் குரலும் இல்லாமல் நான் எப்படி நிற்பேன் என்று எனக்கே தெரியாது, கையை எங்கே வைப்பது, தோல் போன கை துடித்தது, ரத்தம் ஒரு சொட்டு மணலில் விழுந்தது. சிரிப்பு எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தது. இஞ்சி இப்போது பேசுவான், இப்போது பேசுவான். பேசவில்லை. ஒருத்தி நிறுத்தினாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பெர்னத் மாமா ஐஸ் பெட்டியிலிருந்து மெல்ல இறங்கினார், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், "லே" என்றார், "விளையாட்டில்லையா" என்றார், மிகவும் மெதுவாக. மச்சான் எழுந்துவிட்டார். காலை நொண்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார், அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது, சிரித்துக்கொண்டேதான் எழுந்தார், கேட்டேன், ஆனால் கூட்டம் சிரிக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்த இடத்தில் அது நின்றுவிட்டது. என் தோளுக்கு மேலாக, கூட்டத்துக்குப் பின்னால் பார்த்து, தரை மட்டத்தில், "எமல்டா" என்றார். வீட்டுக்கு வா என்கிற மாதிரி. அவ்வளவுதான் சொன்னார். வெயிலுக்கு வைத்திருந்த கையோடு மற்றக் கையும் சேர்ந்துகொண்டது, இரண்டும் தலைக்கு மேல் போயின, அக்கா அத்தனை பேர் நடுவில், பட்டப்பகலில், மணலில் குத்துக்காலிட்டு மடங்கி உட்கார்ந்தாள். சேலை காதிலிருந்து சரிந்தது. முழங்கையில் ஒரு மீன் செதில் ஒட்டி மின்னியது. இந்தத் தடவை அதை எல்லாரும் பார்த்தார்கள்.